சாதுவான செங்கல்

எட்வின் வீட்டுக் கொல்லையில் கோழிக்கறியைப் புகையில் வேகவைக்கும் தகர டிரம் இருந்தது. எது அதிகம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று பார்க்க, அதற்குள் ஒரு கிண்ணம் தண்ணீரையும் ஒரு செங்கல்லையும் வைத்தான். எலும்புக்காகப் பக்கத்தில் பூனை காத்திருந்தது.

நெருப்பு சீண்டியதும் தண்ணீர் கொதித்துக் கூப்பாடு போட்டது. செங்கல் வாயே திறக்கவில்லை.

"உனக்குக் கோபமே வராதா?" என்று கேட்டது பூனை.

"என் சுபாவம் அப்படி" என்றது செங்கல்.

பூனைக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நெருப்பு அணைந்தது. வெந்த கோழிக்கறி வீட்டுக்குள் போனது. தண்ணீர்கூட ஆறி அடங்கிவிட்டது. எட்வின் செங்கல்லை இடுக்கியால் எடுத்து வெளியே வைத்தான். எலும்பு வரும்வரை இந்தச் சாதுவோடு இருக்கலாம் என்று பூனை அதன்மேல் உட்கார்ந்தது. அடுத்த நொடி அலறிக்கொண்டு சுவரில் தாவியது.

"நான் உன்னை என்ன செய்தேன்?"

"நான் எங்கே கோபப்பட்டேன்?" என்றது செங்கல்.