பாரம் குறைந்த துவக்கு

“கொப்பர் காருக்குள்ள இருந்து முட்டையே அடைகாக்கிறார்?”

என்று கேட்டார் அன்ரனி மாமா. மிதுஷா, சுட்டுப் பார்த்து ஒன்றை வாங்கவென்று மேசையில் வைத்திருந்த மூன்று துவக்குகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டென்மார்க்கின் பிராண்டேயில் பிள்ளைகளுக்குக் குறிபார்த்துச் சுடப் பழக்கும் கிளப் அது. பதினொரு வயது மிதுஷாதான் அங்கே கெட்டிக்காரி. ஆனால் கிளப்பின், வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடுகிற ருவென்ரி-ரூ ரைபிள் அவளுக்குப் பாரம். கடைசிச் சூடுகளில் கை நடுங்கியது. கோடைப் போட்டிக்கு முன் இவளுக்கென்று பாரம் குறைந்த ஒன்று வேண்டும் என்று பயிற்சியாளர் ஸ்ரிபன் சொன்னதுதான் தாமதம், தாய்மாமன் கிளம்பிவிட்டார். அவரிடம் வேட்டை லைசென்ஸ் இருக்கிறது. அது இருப்பது ஹேர்னிங்கில் தமிழ் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

“என்ர மருமோளின்ர முதல் துவக்கை நான்தான் வாங்கிக் குடுப்பன். கிளப் அலுமாரியில பூட்டி வைக்கட்டும்.”

தகப்பன் நிர்மலன் வழக்கம்போல வெளியே, கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ரேடியோவோடு இருந்தார். கிழமை தவறாமல் மகளைக் கூட்டி வருவார். உள்ளே வந்து இருக்கமாட்டார். அவள் மெடல் வாங்கிய நாளிலும் அப்படித்தான்.

“உவர் எப்பவும் உப்பிடித்தான்,” என்றார் மாமா. “புது வருசத்தண்டு ஊரே வாணம் விடுது. நானும் கார் நிறைய வாணத்தோட போறன். இவர் என்னடாவெண்டால் நிலவறைக்குள்ள உடுப்புத் தோய்க்கிறாராம்! இறங்கிப் போய்ப் பாத்தன். மெஷின் சுத்துது, உள்ளுக்க ஒரு துவாய்கூட இல்லை. எங்களோட நிக்க விருப்பமில்லாட்டிப் போகட்டும். பெத்த பிள்ளையின்ர விசயத்திலயாவது ஒரு அக்கறை வேண்டாமே?”

“விடுங்கோ மாமா,” என்றாள் மிதுஷா. டெனிஷில்தான் சொன்னாள். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்வது அவள் வழக்கம்.

முதல் துவக்கு நீளம். கழுத்தை நீட்டினால்தான் கண் எட்டியது. இரண்டாவது மாமாவுக்குப் பிடித்தது. பளபளவென்று மரக்கட்டை போட்டது. தூக்கியதும் அவள் முழங்கை இறங்கிவிட்டது.

மூன்றாவது கட்டையாக, கறுப்பாக, பார்வைக்கு ஒன்றுமில்லாமல் இருந்தது. எடுத்தாள். தோளில் தானாகவே வந்து இருந்தது.

“ஓ!” என்றாள்.

உள்ளே போய்ச் சுட்டாள். ஸ்ரிபன் தாளைக் கொண்டுவந்து காட்டினார். அத்தனை துளைகளையும் ஒரு பத்துக் குரோணர் நாணயக் குற்றியால் மூடிவிடலாம்.

“இதுதான்! இதைத்தான் எடுக்கிறம்!” மாமா கிட்டத்தட்டத் துள்ளினார்.

மிதுஷா துவக்கை மெதுவாக மேசையில் வைத்தாள். கறுப்புக் கட்டையை ஒருதரம் தடவிக்கொடுத்தாள்.

“மாமா, எனக்கு எயார் ரைபிள் வாங்கித் தாறியளா?”

மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காற்றுத் தள்ளும் விசையில் குண்டு போகிற அந்தத் துவக்கில்தான் இங்கே சின்னப் பிள்ளைகள் பழகத் தொடங்குவார்கள்.

“அது பால்குடியளின்ர சாமானெல்லே! நீ அதை விட்டு எவ்வளவு காலம்! அவையளுக்கு வேற நாள், வேற மண்டபம். ருவென்ரி-ரூ அணியில உன்ர இடம் போயிடும். தெரியுமே?”

“தெரியும்.”

“இது பிடிக்கேல்லையே?”

“நல்லாப் பிடிச்சிருக்கு.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

“அப்ப இது கொப்பற்ற வேலைதான். இரு, இப்பவே போய்க் கேக்கிறன்.”

கிளம்பியவரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பக்கத்தில் நின்ற ஸ்ரிபனுக்கு விளங்கக் கூடாதென்று தமிழுக்கு மாறி, சொல் தேடித் தேடிச் சொன்னாள்.

“அப்பா ஒவ்வொரு கிழமையும் வாசல் மட்டும் வாறவர், மாமா. நான் கண்ணாடியால பாக்கிறனான். உள்ள ஆரும் சுட்டால் அப்பிடியே திரும்பிப் போயிடுவார். ஒருநாள் காதுமூடி போட்டுக்கொண்டும் வந்தவர். ஏலாமப் போச்சு. எயார் ரைபிளுக்கு அந்தச் சத்தம் இல்லை. அவர் உள்ள வந்து இருந்து பாப்பார்.”

மாமா கண்ணாடி வழியே வெளியே நின்ற காரைப் பார்த்தார்.

எண்பத்தாறிலேயே விமானம் ஏறி வந்துவிட்டவர் அவர். இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை முடிகிறவரை வன்னிக்குள் இருந்துவிட்டு வந்த மச்சானிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை. வெறுமையாகச் சுற்றிய அந்த மெஷின் ஞாபகத்துக்கு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

எயார் ரைபிளுக்கே சொல்லிவிட்டு வந்தார்கள்.

“ஏன் பிள்ளை, மற்றதுக்கெல்லே ஆசைப்பட்டனி?” என்று காரில் நிர்மலன் கேட்டார்.

“இதுதான் பாரம் குறைவு, அப்பா.”

“ஓமோம், இதுதான் குறைவு,” என்றார் பின்சீற்றிலிருந்து மாமா. உண்மையில் அது மற்றதைவிடக் கொஞ்சம் பாரம்.

எயார் ரைபிள் வகுப்பின் முதல் நாளே நிர்மலன் உள்ளே வந்து முன் வரிசை வாங்கில் இருந்தார். ஒவ்வொரு தாள் முடிந்ததும் மகள் திரும்பிப் பார்த்தாள். அவர் அங்கேதான் இருந்தார்.

டிசம்பர் முப்பத்தொன்று பின்னேரம், வழக்கம்போல அன்ரனி மாமாவின் கார் வந்து நின்றது. இம்முறை வாணப் பெட்டி ஒன்றும் இறங்கவில்லை. இரண்டு கூடை ஊத்தை உடுப்போடு வாசலில் நின்றார்.

“மச்சான், மெஷினை இனி வெறுமையாய்ச் சுத்த விடாதையும். நானும் கீழ வாறன்.”