ரகசியக் கேள்வி

"அப்பாவுன்னு போட்டாலும் தப்புன்னே சொல்லுது. வேற என்னத்தத்தான் போடுறது?"

பிரவுசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் கேபினுக்குள் யாரோ முணுமுணுப்பது கேட்டு மகிழினி நின்றாள். அப்பாவு அவளுடைய அப்பாவின் பெயர். பலகைத் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே தங்கப்பாண்டி. எர்ணாவூர் முழுக்க மஞ்சள் தூசியைக் கொட்டும் கெமிக்கல் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. ஐம்பது வயது, சலவைச் சட்டை. கம்ப்யூட்டரில் அவளுடைய வலைப்பூவின் பாஸ்வேர்டை மாற்றும் பக்கம் திறந்திருந்தது. 'உங்கள் ரகசியக் கேள்வி: அப்பா பெயர் என்ன?'

வேறு யாராவது என்றால் கத்திக் கூப்பாடு போட்டிருப்பார்கள். மகிழினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னா சார், என் பூட்ட ஒடைக்கிறியா? ஒட. நானும் பாக்கறேன்."

தங்கப்பாண்டி திடுக்கிட்டார். ஆனால் வெட்கப்படுகிற ஆள் இல்லை. சமாளித்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில கருத்துக் கேட்புக் கூட்டம். கலெக்டர் முன்னாடி உன் படத்தையெல்லாம் காட்டப் போறியாமே? இருந்தாத்தானே காட்டுவ?"

பத்து மாதமாக எழுதியது. குடிதண்ணீர்க் குடத்தில் மிதக்கும் மஞ்சள் தூசி, இருமி இருமிச் சுருண்டுபோன பிள்ளைகள், அவர்களுடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள். படமெடுத்தது இரவல் கேமரா, அது எப்போதோ திரும்பிப் போய்விட்டது. இருப்பதெல்லாம் வலைப்பூவில் மட்டும்தான். அது போனால் நாளைக்குத் தெருவே வெறும் கையோடுதான் நிற்க வேண்டும்.

"மகி, இந்தாள கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளட்டா?" கவுண்டரிலிருந்து சென்டர்காரி தஹ்சீன் குரல் கொடுத்தாள்.

"வாணாம்க்கா. ஒரு மணி நேரத்துக்குக் காசு குடுத்துகீறாரு. முழுசா ஒக்காந்துட்டுப் போவட்டும்."

போன மாதம் வரை அவளுடைய ரகசியக் கேள்வி, 'நாய் பெயர் என்ன?' பதில், டைகர். அந்த நாயைத் தெருவே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சோறு போடும். ஒருநாள் நாலு பதிவுகள் மாயமாகிவிட்டன. "அறிவு கெட்டவளே, ஊருக்கே தெரிஞ்ச பேரப் போயி பதிலா வெப்பியா?" என்று தஹ்சீன் அன்றைக்கு வாங்கு வாங்கென்று வாங்கினாள். அன்றே மகிழினி கேள்வியையும் பதிலையும் மாற்றினாள்.

"டைகர் பேரப் போட்டு அழிச்சதும் நீதானா சார்?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" தங்கப்பாண்டி கையிலிருந்த ஜெராக்ஸ் தாளை விரித்தார். அவள் வீட்டு ரேஷன் கார்டு!

"அடேங்கப்பா! கார்டையே ஜெராக்ஸ் போட்டுட்டியா?"

"இந்த ஏரியா எனக்குப் புதுசு இல்லம்மா. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி காலாடிப்பேட்டையில குடியிருந்தவன் நான். இங்க யார் வீட்டு விஷயமும் யாருக்கும் ரகசியம் கிடையாது."

"நீ காலாடிப்பேட்டையில இருந்தது எனக்கும் தெரியும் சார்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. இனிஷியலோடு அப்பாவு என்று அடித்தார். தப்பு. ஆயில் டிரம் உருட்டுவதால் தெருவில் மகிழினியின் அப்பாவுக்கு 'டிரம்' அப்பாவு என்று பட்டப்பெயர். அதையும் விசாரித்து வைத்திருந்தார் மனுஷன். தப்பு.

"என்னை ஏம்மா இந்தப் பாடு படுத்துற? உன்னை என் பொண்ணு மாதிரி நெனச்சுச் சொல்றேன். நீயே அழிச்சிடு. கம்பெனியில நல்ல வேலை வாங்கித் தரேன்."

மகிழினியின் முகம் சிவந்தது.

"பொண்ணு கிண்ணுன்னு பேசுற வேலையெல்லாம் வாணாம். உன் வேலையும் வாணாம். அடி, இன்னும் அடி."

வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கார்டில் அம்மா இடத்திலிருந்த சொக்கம்மாள் பெயரையும் போட்டுப் பார்த்தார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'பலமுறை தவறான பதில். இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பிறகு முயலவும்.'

"அவ்ளோதான் சார். நாளைக்கு இந்நேரம் கூட்டமே முடிஞ்சிருக்கும். இன்னிக்கே அந்தக் கேள்வியவும் மாத்திடுவேன்."

தங்கப்பாண்டி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அப்பா பேருன்னு கேள்விய வச்சிட்டு, பதில மட்டும் பொய்யா வச்சிருக்க. ஃபிராடு!"

"நானா ஃபிராடு? உண்மையான பேரத்தான் வெச்சிகீறேன்."

வாசல் வரை போனவர் நின்றார்.

"சொக்கம்மா, அப்பாவு ரெண்டு பேரும் என்ன எடுத்து வளத்தவங்க சார். பெத்தவ பேரு செல்லக்கனி. காலாடிப்பேட்டையில அஞ்சு மாச வயித்தோட வுட்டுட்டு ஓடுனியே, அதே செல்லக்கனிதான்."

ரேஷன் கார்டு ஜெராக்ஸ் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"எல்லாப் பேரையும் போட்டுப் பாத்தியே சார், உன் பேரப் போட்டுப் பாத்தியா?"