அரக்கு வைக்காத தாயத்து

“அய்யாதுரை அண்ணே, கையில இன்னாது அது?”

தி.நகர் ஜவுளிக்கடையில் வேட்டிக் கட்டுகளை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார் அய்யாதுரை. கையைத் தூக்கியதில் சட்டைக் கை சரிந்து சங்கதி வெளியே வந்துவிட்டது. கறுப்புக் கயிறு. அதில் ஒரு வெள்ளித் தாயத்து.

கூட வேலை பார்க்கும் ஜவஹருக்குக் கேட்கவா வேண்டும்!

“எல்லாரும் இங்க வாங்கய்யா! கறுப்புச் சட்டை போட்டுக்கினு, மைக் புடிச்சு, ‘தாயத்து கட்டுறவன் முட்டாள், எழுதிக் குடுக்கிறவன் அயோக்கியன்’னு பேசுன மனுசன் கையைப் பாருங்க!”

கடை முழுக்கச் சிரிப்பு. கல்லாவில் இருந்த முதலாளிகூடச் சிரித்தார்.

அய்யாதுரை சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். போன மாதக் கூட்டத்தில் அப்படித்தானே பேசினார்.

கதை இதுதான். வயிற்றுப்புண் முற்றி, ஆறு மாதம் முன்னால் அவருக்கு வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆள் பாதியாகிவிட்டார். அதிலிருந்து, சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சில நாள் உடம்பில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வேர்க்கும், வாய் குழறும், கால் பின்னும், தடாலென்று விழுவார்.

ஒருநாள் பஸ்ஸில் விழுந்தார். சாராயக்கடைகளைத் திறந்துவிட்டிருந்த காலம். “பகல்லியே ஊத்திக்கினு வந்துட்டான் பாரு” என்று யாரோ சொல்ல, தேனாம்பேட்டையில் பிளாட்பாரத்தில் இறக்கிப் போட்டுவிட்டுப் பஸ் போய்விட்டது. ஒரு சொட்டு தொட்டறியாத மனுஷன், இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தார். பிழைத்தது பெரிய காரியம் என்றார் டாக்டர்.

“டாக்டர் சொன்ன மாதிரி ஒரு வில்லை செஞ்சு கழுத்துல போட்டுக்குங்க. நோவு என்னன்னு அதுல எழுதியிருக்கட்டும்” என்று மனைவி சீதா கெஞ்சினாள்.

“கார்ப்பரேஷன்காரன் நாய்க்குத்தான் கழுத்துல வில்லை கட்டுவான். போடி!”

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பார்த்தாள். ஒன்று சட்டையோடு வீட்டிலேயே தங்கிவிடும், இல்லையென்றால் சலவைக்குப் போய்க் கூழாகிவிடும்.

கடைசியில் அவள் போய் நின்றது, ராயப்பேட்டையில் அடுத்த சந்து வலியுல்லா பாய் வீட்டு வாசலில். தாயத்து எழுதிக் கொடுக்கிறவர்.

“எங்க வீட்டுக்காரர் இதையெல்லாம் நம்ப மாட்டாரு பாய். மைக்குல உங்களையும் சேத்துத்தான் திட்டுறாரு.”

“தெரியும்மா. நானும் நின்னு கேட்டிருக்கேன். நல்லாத்தான் பேசுறாரு” என்றார் பாய். அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “வீட்டுல ஆஸ்பத்திரி சீட்டு இருந்தா கொண்டாம்மா” என்றார்.

தாயத்தோடு வந்து அவள் சொன்னதைக் கேட்டு அய்யாதுரை விழுந்து விழுந்து சிரித்தார்.

“தாயத்துக்கு எதுக்குடி ஆஸ்பத்திரி சீட்டு? பேய் பிசாசெல்லாம் டோக்கன் பாத்துத்தான் ஓடுமா?”

“அரக்கு வெச்சு மூடலியே பாய்னு கேட்டேன். இதுக்கு வேணாம்மான்னுட்டாரு.”

“பாத்தியா! பித்தலாட்டத்தைக்கூட முழுசாப் பண்ணலை.”

சீதா சண்டை போடவில்லை. “உங்க கொள்கை உங்களோட இருக்கட்டும். நீங்க பஸ் ஏறுனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசிரு உசிரா இல்லீங்க. எனக்காகக் கட்டிக்குங்க” என்றாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். அப்புறம் தாயத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்தக் கழுதைதான் இன்றைக்குக் கடையில் மானத்தை வாங்கிவிட்டது.

சாயங்காலம் அந்த எரிச்சலோடு இரண்டு போண்டாவை அவசரமாக விழுங்கி, டீயும் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார். வழியில் வேர்த்தது. கம்பியைப் பிடித்த கை நழுவியது.

கண் திறந்தபோது பஸ் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. இவர் சீட்டில் படுத்திருந்தார். நாக்கெல்லாம் இனிப்பு. ரேஷன் பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்பிள்ளை, விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டு, “கண்ணைத் தொறந்துட்டாரு!” என்று கத்தினாள்.

“ஒண்ணியும் இல்ல அய்யாதுரை சார், அப்படியே சாஞ்சிக்க” என்றார் கண்டக்டர்.

“என் பேரு... உங்களுக்கு எப்படி...?”

“மன்னிச்சுக்கோ நைனா. தண்ணி கேசுன்னு நானும் இறக்கிவுடத்தான் பாத்தேன். தூக்குறப்போ கையில தாயத்து தெரிஞ்சிது. தாயத்தை எவனாவது பிரிப்பானா? கை வெக்கவே பயம். ஆனா இதுல ஆணியால ‘திறந்து பார்க்கவும்’னு கீறிக்கீது. அரக்கும் இல்ல. திருகுனேன், வந்துட்ச்சி.”

கண்டக்டர் ஒரு சின்னக் காகிதச் சுருளை நீட்டினார். அய்யாதுரை பிரித்தார். பொடிப்பொடியான, சுத்தமான தமிழ் எழுத்து.

‘இவர் பெயர் அய்யாதுரை. குடிக்காதவர். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர். மயங்கி விழுந்தால் நாக்கில் சர்க்கரை வைக்கவும். வீடு, ராயப்பேட்டை பள்ளிவாசல் சந்து.’

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. எழுத்து கலங்கித் தெரிய, கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

‘இவருக்குத் தாயத்தில் நம்பிக்கை கிடையாது. அதனால் நீங்களும் இதை நம்பிக்கொண்டு நிற்காமல், சீக்கிரம் சர்க்கரையைக் கொடுங்கள். இப்படிக்கு, வலியுல்லா.’