மரத்தடி மண்

மண் வாத்தியாரின் மக்காச்சோளம் மஞ்சளடித்துப் போனது.

முப்பது வருடம் ஊர் ஊராகப் போய், மண்ணைப் பரிசோதிக்காமல் விதைக்காதீர்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய மனுஷன். ஓய்வு பெற்றுச் சொந்தமாக விதைத்த முதல் பயிர் இது. மழை குறைந்த வருடத்தில் எப்படி விளைவிப்பது என்று பார்க்க வெள்ளிக்கிழமை நாற்பது விவசாயிகள் வருகிறார்கள். அழைத்தவரும் அவர்தான். வாய் சும்மா இருந்தால்தானே.

பழி பரிசோதனைக் கூடத்தின் மேல் விழுந்தது. மண் நல்ல வளம், உரம் தேவையில்லை என்று சீட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அதை நம்பி ஒரு கூடை எருகூடப் போடவில்லை.

சண்டைக்குக் கிளம்பினார்.

"மண்ணை எங்கேருந்து எடுத்தீங்கன்னு கேப்பாங்க மாமா," என்றாள் மருமகள்.

"எனக்கே பாடமா? போய் உன் வேலையைப் பாரு."

கூடத்தில் இருந்த பெண், அவர் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அதையேதான் கேட்டாள்.

"என் நிலத்துலேருந்துதான். பின்னே, சந்தையிலயா வாங்குவேன்?"

"நிலத்துல எந்த இடம் சார்?"

நிலத்துக்குள் நுழைந்ததும் இருக்கும் மரத்தடி. ஆடு கட்டுகிற இடம். அன்றைக்கு முழங்கால் வலி, மண்டையைப் பிளக்கிற வெயில். நிழலில் நின்றபடி ஒரே ஒரு வெட்டு. மென்று விழுங்கிச் சொன்னார்.

அவள் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். 'மரத்தடியிலும் ஆடுமாடு கட்டும் இடத்திலும் மண் எடுக்காதீர்கள். பதினைந்து இடங்களில் எடுத்துக் கலக்குங்கள்.' கீழே எழுதியவரின் படம். அவர் மீசை கறுப்பாக இருந்த காலம்.

ஆட்டுப் புழுக்கைக்கு நற்சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறோம் என்பது புரிந்தது.

"இப்ப என்னம்மா பண்றது?" குரல் இறங்கிவிட்டது.

"அட, அந்தக் கடிதம் எழுதினவர் நீங்கதானா? அதான் நீங்களே சரி பண்ணிட்டீங்களே சார்."

ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். போன வாரம் பதினைந்து இடத்து மண்ணோடு வந்ததாம். முடிவும் தயார். தழைச்சத்து ரொம்பக் குறைவு. மட்கிய எரு போட்டு, இருக்கிற ஈரம் போகாமல் வைக்கோலைப் பரப்பி மூடினால் பயிர் பிழைத்துக்கொள்ளும்.

கடிதத்தைப் படித்தார். 'முதல் முறை மரத்தடியில் எடுத்தது என் தவறு. மன்னிக்கவும். வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு இந்தத் தவறையே பாடமாகக் காட்டப் போகிறேன்.' கீழே அவர் பெயர்.

"இவ்வளவு பெரிய மனுஷர் தப்பை ஒத்துக்கிட்டு நாங்க பார்த்ததே இல்ல சார்," என்றாள் அவள். "அன்னைக்கு நாங்களும் வர்றோம்."

அவரும் பார்த்ததில்லை. அறுபது வயதில் ஒரு மனிதரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

கையெழுத்தை உற்றுப் பார்த்தார். அவர் பெயரில் மன்னிப்புக் கேட்டிருந்தவள் மருமகள்.