ஏழு, இடமிருந்து வலம்

"இந்த மாப்பிள்ளையையாவது விட்டுவையுங்கோ. பத்திரிகையைத் தூக்கி ஒளியுங்கோ!"

கனகேஸ்வரி கெஞ்சினாள். கெஞ்சியதில் நியாயம் இருந்தது.

அவள் புருஷன் சவுந்தரநாயகம் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் பெரிய கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிழமைப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியோடு குந்திவிடுவார். வெள்ளவத்தையில் அவர் வீட்டுப் படி மிதித்தவர்கள் விடைகளுக்கு அவர் சொல்லும் விளக்கத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது.

மகள் நாகேஸ்வரியைப் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை, அவருக்கு முந்தி விடை சொன்னான். "முந்திரிக்கொட்டை" என்று தட்டிவிட்டார். இரண்டாவது மாப்பிள்ளை விளக்கத்தின் நடுவில் நித்திரையாகிவிட்டான்.

இன்றைக்கு வந்திருந்தவன் தில்லைநாதன். ரயில்வே கந்தோரில் வேலை. அவன் கதிரையில் இருக்க முந்திப் பத்திரிகை மடியில் விழுந்தது.

"தம்பி, ஏழு, இடமிருந்து வலம். 'பெண் பார்க்கப் போகிறவர் முதலில் கவனிப்பது.' ரெண்டெழுத்து. கடைசி எழுத்து 'டை'. என்ன சொல்லுறீர்?"

பக்கத்து வீட்டு ஹமீட் வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சவுந்தரநாயகத்தோடு சண்டை பிடிப்பதுதான் அவருக்கு வேலை.

"இதில என்ன யோசின ஈக்கி? நடை! பொண்ணு நடந்து வாறத்தத்தான் பாப்பாங்க."

"நடையும் இல்லை, உடையும் இல்லை. வடை!"

"நாயகம், ஒங்களுக்குப் பசி. போய்ச் சாப்பிடுங்க."

"விளக்கத்தைக் கேளும் காணும். பொம்பிளை தட்டோட வாறாள். பெடியனுக்கு வெக்கம். முகத்தைப் பார்க்க ஏலாது. தலையைக் குனியிறான். கண்ணுக்கு நேர என்ன? தட்டு. தட்டில என்ன? வடை! புதிரன் எண்டு பேர் போட்டு இந்தப் போட்டியைத் தயாரிக்கிறவன் லேசுப்பட்ட ஆளில்லை. எல்லாரும் நடை எண்டு எழுதுவாங்கள் எண்டு தெரிஞ்சுதான் பொறி வைச்சிருக்கிறான்."

"சும்மா ஈங்க. எங்கட பக்கம் பொண்ணக் காட்டவே மாட்டாங்க. எனக்குப் பேசப் போன நேரம் நான் கண்டது தட்டில ஈந்த வட்டிலப்பம் மட்டுந்தான்."

"பார்த்தீரோ! நீரே ஒத்துக்கொள்ளுறீர்!"

அந்த நேரம் பார்த்து நாகேஸ்வரி தட்டோடு வந்தாள். அரிசிக்கே கூப்பன் வெட்டுகிற உலக யுத்தகாலம். உழுந்து தேடிக் கனகேஸ்வரி பட்ட பாடெல்லாம் அந்தத் தட்டில் ஆறு வடையாக இருந்தது.

தில்லைநாதன் குனிந்த தலை நிமிரவில்லை. தட்டையே பார்த்தான். பிறகு சொன்னான்:

"ஓம் ஐயா. வடைதான். அந்த விளக்கத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

இன்னொருக்காச் சொல்லச் சொல்லி சவுந்தரநாயகத்தை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர் மூன்று தரம் சொன்னார்.

"வால் பிடிக்கத் தெரிஞ்ச புள்ள," என்று முணுமுணுத்துக்கொண்டு ஹமீட் வீட்டுக்குப் போனார்.

மாப்பிள்ளை படி இறங்கியதும் சவுந்தரநாயகம், "சாதகத்தை எடும்!" என்று மனிசியிடம் சத்தம் போட்டார்.

"எனக்கு வேண்டாம்," என்றாள் நாகேஸ்வரி.

"ஏனடி?" கனகேஸ்வரிக்குத் தலை சுற்றியது.

"சரியான தலையாட்டி. நீங்கள் குதிரை பறக்கும் எண்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவார். அப்பிடி ஒரு ஆளோட நான் எப்பிடிச் சீவிக்கிறது?"

சவுந்தரநாயகம் கொஞ்சம் யோசித்தார். "சரி பிள்ளை. வாற ஞாயிறு திரும்ப வரச் சொல்லுவம். நீயே நேர கேட்டுப்போட்டு முடிவைச் சொல்லு. நீ ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை."

அடுத்த ஞாயிறு பத்திரிகை வந்தது. ஏழு, இடமிருந்து வலம்: வடை. கீழே விளக்கம்: 'வெட்கத்தால் தலை குனிபவர் கண்ணில் முதலில் படுவது தட்டே.'

சவுந்தரநாயகம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஹமீட் வீட்டுக்கு ஓடினார். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஹமீடின் குரல் கேட்டது: "இது நீங்க செல்லிக் குடுத்த மாதிரியே ஈக்கே! புதிரனுக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

"உண்மையை ஆர் சொன்னாலும் ஒரே மாதிரித்தான் காணும் இருக்கும்!"

விறாந்தையில் தில்லைநாதன் தனியே இருந்தான். நாகேஸ்வரி தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றாள்.

"ஒண்டு கேக்கிறன், மழுப்பாமல் சொல்லுங்கோ. அண்டைக்கு வடை எண்டு சொன்னது அப்பாவைக் குளிர வைக்கத்தானே?"

அவன் மதில் பக்கம் ஒருதரம் பார்த்தான்.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. புதிரன் நான்தான்."

"நீங்களோ?" என்றாள் நாகேஸ்வரி.

"முதல் நான் எழுதிக் குடுத்த விடை நடை. இஞ்ச வந்துபோன பிறகுதான் அச்சுக்கூடத்துக்குப் போய் மாத்தினனான்."

"ஐயோ, நீங்கள் தலையாட்டியிலும் மோசம்! அப்பாவுக்கு வால் பிடிக்கிறதுக்காக ஊர்ச் சனத்தையெல்லாம் ஏமாத்தினீங்களோ?"

"அப்பாவுக்காக இல்லை." அவன் தலையைச் சொறிந்தான். "கோவிக்காதேங்கோ. அண்டைக்கு நீங்கள் நடந்து வந்ததை நான் காணவே இல்லை. வடையைக் கண்டு கனகாலம். கண் நேர அதிலதான் போச்சுது."

கோபப்படத்தான் நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது.

அவன் சிரிக்கவில்லை.

"பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் நடை எண்டு எப்பிடிப் போடுறது?"