ஆட்சேபணை இல்லாத கிளை

வயிற்றில் முட்டையோடு மனைவி மின்கம்பியில் காத்திருக்க, தூக்கணாங்குருவி கூடு கட்ட அனுமதி கேட்டு மரங்கொத்தி அதிகாரியிடம் ஓடியது.

"எந்தக் கிளையில கட்டறியோ, அந்தப் பக்கத்து ஆளுங்ககிட்ட தடையில்லாச் சான்று வாங்கிட்டு வாப்பா," என்றது மரங்கொத்தி.

அனுமதியே இல்லாமல் மூன்று கூடு கட்டியிருந்த காகம், "எங்களுக்குக் காத்து வராது," என்றது. "மரத்தோட அழகே கெட்டுடும்," என்றது மைனா.

பொந்திலிருந்த பாம்பு மட்டும் உடனே வாலால் கையெழுத்துப் போட்டது. "நம்ம மரத்துல குடும்பங்க பெருகணும் தம்பி. முட்டை வெச்சதும் சொல்லி அனுப்பு."

ஆட்சேபணை இல்லாத அந்த ஒரே கிளையில் அன்றே அனுமதி கிடைத்தது, பாம்புப் பொந்துக்கு நேர் எதிரே.

காகம் பூரித்துப்போய் மைனாவிடம் சொன்னது: "புதுசா வர்றவங்களுக்கு நம்மள மாதிரி யாரு இடம் குடுப்பா?"