ரேடியோவில் எங்கள் பாட்டு

ரேடியோவில் எங்கள் பாட்டு வந்தபோது டுவேனின் வாயில் பாதி ஹாட் டாக் இருந்தது.

அதைத் துப்பிவிட்டு, "டேய்! சத்தத்தைக் கூட்டு! கூட்டுடா எருமை!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

எண்பத்தாறு ஆகஸ்ட். இண்டியானாவில் ஒரு பெட்ரோல் பங்க், மதியம் இரண்டு மணி. வேனின் கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன. எங்கள் பாடகன் ரஸ் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தான். கிதார் வாசிக்கும் அவன் தம்பி லாயிட், முன்கண்ணாடியில் அப்பியிருந்த பூச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். டுவேன் டிரம்ஸ். நான் பேஸ் கிதார்.

'மஸ்கிங்கம்' என்ற எங்கள் குழுவின் பெயரைச் சொல்வதற்குள் அறிவிப்பாளருக்கு இரண்டு முறை நாக்குத் தடுமாறியது. அது எங்கள் ஊர் ஆற்றின் பெயர். தடுமாறினாலும் சொன்னாரே, அதுவே பெரிது. எட்டு வருடமாக ஒஹாயோவின் பவுலிங் கூடங்களிலும் கல்யாணங்களிலும், பாதிக் கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட, வாசித்தவர்கள் நாங்கள். வருகிற சனிக்கிழமை சிகாகோவில் பத்தாயிரம் பேருக்கு முன்னால் மேடை ஏறப்போகிறோம்.

டுவேன் பக்கத்து பம்பில் நின்ற லாரி டிரைவரைப் பார்த்துக் கூவினான். "சார், இது நாங்கதான்! ரேடியோல பாடுறது நாங்கதான்!"

டிரைவர் எங்கள் வேனை மேலும் கீழும் பார்த்தார். "அப்படின்னா மொதல்ல இந்த வண்டிய மாத்துங்கப்பா."

டுவேன் சிரித்த சிரிப்பில் வேன் குலுங்கியது.

இசைத்தட்டு இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. கம்பெனி முதலில் ரேடியோக்காரர்களுக்கு அனுப்பிவிட்டது. அதனால் நாங்களும் அதைக் கேட்பது அப்போதுதான் முதல் முறை.

டுவேனும்தான்.

அந்தப் பாட்டில் டிரம்ஸ் அடித்தது டுவேன் இல்லை.

சிகாகோவில் மூன்று நாள் பதிவு. தயாரிப்பாளர் கையில் காபியோடு உட்கார்ந்து எதற்கெடுத்தாலும் "அருமை, அருமை" என்றார். பீட்ஸா வாங்கிக் கொடுத்து எங்களை ஊருக்கு அனுப்பிவைத்தார். மறுநாளே கூலிக்கு ஒருவரை வரவழைத்து, டுவேன் அடித்ததை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்க வைத்திருக்கிறார். டுவேனின் தாளம் பாட்டை முந்திக்கொண்டு ஓடுகிறதாம். இரண்டு வாரத்துக்கு முன்னால் ரஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னான்.

"அவன்கிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா குச்சியத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவான். சிகாகோ முடியட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

நான் மூச்சு விடவில்லை. டுவேனும் நானும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சிநேகிதர்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, மறைப்பானேன். கழற்றிவிடப்பட்டது நான் இல்லை.

பாட்டு ஓடியது. டுவேன் வேன் கதவில் இரண்டு கையாலும் கூடவே தட்ட ஆரம்பித்தான்.

பல்லவிக்குள் நுழையும்போது அவன் எப்போதும் அரை மூச்சு முந்திவிடுவான். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். நாங்களும் அவனோடு சேர்ந்து முந்திப் பழகிவிட்டோம். இப்போதும் அவன் கை முந்தியது. ரேடியோ முந்தவில்லை. கடிகாரம் மாதிரி அதன் நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

அவன் கை நின்றது.

மறுபடி தட்டினான். மறுபடியும் சேரவில்லை. கையை எடுத்துப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

லாயிட் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரஸ் பெட்ரோல் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாராவது ஏதாவது பேசியாக வேண்டும். நான் பேசினேன்.

"பின்னிட்டடா டுவேன்! உன் அடிதான் பாட்டையே தூக்கி நிறுத்துது."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று ரஸ்ஸைப் பார்த்தேன். அவன் லேசாகத் தலையசைத்தான்.

டுவேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவன் முகத்தில் கோபம் இல்லை. யாருக்கோ பாவப்படுகிறவன் மாதிரி இருந்தான். எனக்கு அது புரியவில்லை.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். ஆறு நொடி. என் பேஸ் மட்டும் தனியாக, படிப்படியாகக் கீழே இறங்கும். அந்த இடத்தைப் போட்டது நான்தான். அம்மாவுக்கு ஃபோன் செய்தபோதுகூட அந்த ஆறு நொடியைப் பற்றித்தான் அதிகம் பேசினேன்.

எல்லாம் நின்றது.

பேஸ் மேலே ஏறியது.

ரேடியோவில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் கவனித்துக் கேட்டேன். கெட்டியான, பிசிறில்லாத வாசிப்பு. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

டாங்க் நிரம்பி பம்ப் தானாக நின்றுவிட்டிருந்தது. ரஸ் இன்னும் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

டுவேன் வந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தான்.

"மச்சி, உன் பேஸ் அள்ளுது போ!" என்றான், பங்க் முழுக்கக் கேட்கும்படி.

சொல்லிவிட்டு, சற்று முன் நான் பார்த்த மாதிரியே ரஸ்ஸைப் பார்த்தான். ரஸ் லேசாகத் தலையசைத்தான்.